படத்துக்கு முன் சுவர்: நகர நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி, மாநகராட்சி ஆணையர்களுக்கும், சுவர் ஓவியப் பணிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

மேம்பாலத் தூண்களையும் பள்ளி மதில்களையும் ஓவியர்களுக்குத் தந்திருக்கிறீர்கள். அதற்காக மனமார நன்றி சொல்கிறோம். தினமும் அந்த வழியாகப் போகிறவர்களுக்கு நகரத்தின் முகம் மாறுகிறது. ஆனால் திறப்பு விழாவன்று பளிச்சென்றிருந்த சுவர், இரண்டு மழைக்காலம் போனதும் செதில் செதிலாக உரிந்து நிற்பதையும் பார்க்கிறோம். 'மட்டமான பெயின்ட்' என்று பேச்சு வருகிறது. பெரும்பாலும் காரணம் பெயின்ட் இல்லை, தண்ணீர்.

தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரம் வரை போகும். போகிற வழியில் செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்பரப்புக்கு வருகிறது. நீர் ஆவியானதும் உப்பு அங்கேயே படிகமாகிப் பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. மேலே எத்தனை கை பெயின்ட் அடித்தாலும் அது நிற்காது. சுவரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடி போன்ற பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். தாளின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தாலோ, தாளுக்கு அடியில் சுவர் கறுத்திருந்தாலோ அந்தச் சுவர் இன்னும் தயாராகவில்லை. அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மழைநீர்க் குழாய்ப் பக்கம் ஒன்று என்று மூன்று இடத்திலாவது பார்க்க வேண்டும். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளேதான் போகும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

புதிய சிமென்ட் பூச்சு வேறு வகைத் தொல்லை. அதன் காரத்தன்மை பிஎச் 12க்கு மேல் இருக்கும். எனாமல் பெயின்டில் உள்ள எண்ணெய்ப் பிசினை அந்தக் காரம் சோப்பாக மாற்றிவிடும். பிறகு வண்ணம் பிசுபிசுத்துக் கழன்று வரும். எனவே பூச்சு வேலை முடிந்து 28 நாள் கழிந்த பிறகே அடுத்த வேலை, அதுவும் வண்ணத்துக்கு அடியில் முதலில் பூசும், காரம் தாங்கும் அக்ரிலிக் ப்ரைமரோடு. மேடுபள்ளத்தைச் சமன்செய்ய இழுக்கும் பட்டியில், உள்சுவருக்கான அக்ரிலிக் வகையை வெளிச்சுவரில் இழுக்கவே கூடாது. மழையில் அது ஊறிப் பொருமிவிடும். வெளியே சிமென்ட் கலந்த பட்டிதான் நிற்கும், அதுவும் தேவைப்பட்ட இடத்தில் மட்டும். 'சுவரை வைத்துத்தான் சித்திரம்' என்ற பழமொழியை உடம்பைப் பற்றிய அறிவுரையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். எங்கள் தொழிலில் அது வேலையின் வரிசை.

கான்கிரீட் தூணில் அச்சுப் பலகைக்குப் பூசிய எண்ணெய் பரப்பிலேயே தங்கியிருக்கும். அதன் மேல் சில துளி தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடும். ஓடினால் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ப்ரைமர். தூணின் வெடிப்பைப் பாலப் பொறியாளர் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. கனமான பூச்சு அதை மறைத்துவிடும். தூண் தலையையும் இணைப்பு இடைவெளிக்குக் கீழுள்ள பகுதியையும் வெறுமையாக விடச் சொல்லுங்கள். அந்த இடைவெளிகளில்தான் நீர் ஒழுகும் என்பதால் அங்கே வரைவதும் வீண்.

வண்ணத்தைக் குறிப்பிடும்போது 'சிவப்பு', 'மஞ்சள்' என்று எழுதினால் போதாது. ஒரே சிவப்பு என்று விற்கப்படும் இரண்டு டப்பாவில் இரண்டு வேறு நிறமிகள் இருக்கலாம். ஒன்று வெயிலில் நிற்கும், மற்றொன்று வெளிறிவிடும். நிறமியின் குறியீட்டைக் கேளுங்கள். இரும்பு ஆக்ஸைடுச் சிவப்பான பிஆர் 101, மஞ்சளான பிஒய் 42, தாலோ நீலமான பிபி 15, தாலோ பச்சையான பிஜி 7 ஆகியவை வெளிச்சுவரில் நம்பத் தகுந்தவை. ஒளிரும் நிறங்கள் சீக்கிரமே செத்துப்போகும். அவற்றை மேற்கு வெயில் அடிக்கும் சுவரில் பூசுவது பணத்தைக் காயப்போடுவதற்குச் சமம். அடக்கமான நிறங்கள் நகரத்துக்குப் போதாது என்ற பயம் வேண்டாம். காவியும் மஞ்சள் மண்ணும் குகைச் சுவர்களில் பல ஆயிரம் ஆண்டுகள் தாங்கியிருக்கின்றன.

நீண்ட காலம் நிற்க வேண்டிய சுவருக்குப் பொட்டாசியம் சிலிகேட் பெயின்டைக் கருதிப் பாருங்கள். 1878இல் ஜெர்மனியில் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற முறை இது. படலமாக மேலே உட்காராமல் காரையோடு வேதியியல்படி பிணைகிறது, நீராவியையும் வெளியே விடுகிறது. ஆனால் ஏற்கனவே எமல்ஷன் அடித்த சுவரில் நேரடியாகப் பிடிக்காது. பழையதை முழுக்கச் சுரண்டியாக வேண்டும்.

படத்தை யார், எந்த வேகத்தில் பார்க்கப்போகிறார் என்பதை உங்கள் ஒப்பந்தங்கள் கேட்பதே இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் பேருந்து 30 மீட்டர் சுவரை மூன்று வினாடிக்குள் கடந்துவிடும். அதே சுவரைக் கடக்க நடப்பவருக்கு 25 வினாடி ஆகும். பிரதான சாலைக்கு நான்கைந்து பெரிய வடிவங்கள் போதும். நுணுக்கத்தைப் பேருந்து நிறுத்தத்துக்கும் நடைபாதைக்கும், கண் உயரத்தில் வையுங்கள். காத்து நிற்பவர் அதை நாள்தோறும் படிப்பார். இரவையும் பாருங்கள். மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் நீலம் ஏறக்குறைய கறுப்பாகிவிடும், பச்சை மங்கிப் பழுப்பாகத் தெரியும். இரண்டடிப் பலகையில் எல்லா நிறத்தையும் தீற்றி, அந்தத் தெருவிளக்கின் கீழேயே ஓர் இரவு நிறுத்திப் பார்த்த பிறகு நிறங்களை முடிவு செய்யலாம்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். சதுர அடிக்கு இத்தனை என்று ஒரே விலை கேட்கிறீர்கள். குறைந்த விலை சொல்பவர் எதைக் குறைப்பார்? கண்ணுக்குத் தெரியாத வேலையை. கழுவல், உலரவிடுதல், ப்ரைமர் எல்லாம் அங்கேதான் காணாமல் போகின்றன. சுவர்த் தயாரிப்புக்குத் தனி விலை, தனி அளவீடு, தனிக் கையொப்பம் வையுங்கள். அது முடியாமல் ஓவியத்துக்குச் சாரம் கட்ட அனுமதிக்காதீர்கள். விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையைப் பின்னோக்கித் திட்டமிடும் பழக்கத்தால்தான் 28 நாள் எட்டு நாளாகச் சுருங்குகிறது. நண்பகல் வெயிலில் சூடேறிய சுவரில் வேலை வாங்குவதும் இதனால்தான். நீர் சட்டென்று ஆவியாகி, பிசின் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாக நேரம் கிடைக்காது. தொட்டால் மாவாகக் கையில் வரும்.

ஓவியத்தை அழிக்க நேர்ந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். படைப்பைச் சிதைத்துத் தன் பெயரைக் கெடுப்பதை எதிர்க்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்பது 1928இலேயே பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. 90 நாள் அவகாசம் இருந்தால் முழுதாகப் படமெடுத்துப் பதிவு செய்யவாவது முடியும்.

கடைசியாக, சுவருக்கு மேலே உடைந்திருக்கும் மழைநீர்க் குழாய். அது வேறு துறையின் பொறுப்பு என்ற பதிலே எப்போதும் கிடைக்கிறது. அப்படியானால் அந்தத் துறையின் கையொப்பத்தையும் இதே கோப்பில் வாங்குங்கள். குழாய் மாற்றி, ஒரு மழை பெய்து, சுவர் காய்ந்த பிறகு எங்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சுவர் ஓவியர்கள்