தண்டவாளம் எங்களுக்குப் புதிதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் மெட்ரோ ரயில் பற்றி வந்த கட்டுரையில், 2021-இல்தான் வட சென்னை முதன்முதலாகத் தண்டவாளத்தைப் பார்த்தது என்று ஒரு வரி இருந்தது. முப்பது வருடமாக உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிற உரிமையில் கேட்கிறேன். அச்சுக்குப் போகும் முன் இதை ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லையா?

மெட்ரோ கணக்கே தவறு. வண்ணாரப்பேட்டைக்கு 2019 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. 2021-இல் விம்கோ நகர் வரை நீண்டது, அவ்வளவுதான். அதை விடுங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று எங்கள் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜாவுக்குக் கிளம்பியது. அந்த நிலையம் இன்றும் தூண்களோடு நிற்கிறது. உங்களுக்குத் தெரியாத சங்கதியா இது?

டிராமையும் மறந்துவிட்டீர்கள். 1895 மே 7-இல் சென்னையில் ஓடியதுதான் இந்தியாவின் முதல் மின்சார டிராம். கல்கத்தாவில் அப்போது குதிரைகள் இழுத்துக்கொண்டிருந்தன. இங்கே முதலில் மின்சாரத்தைத் தரைக்கு அடியில் கொண்டுபோனார்கள். மழைக்காலத்தில் அது தாங்கவில்லை, அப்புறம் தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். டிராம் என்றாலே எல்லோரும் மவுண்ட் ரோடு படத்தைத்தான் போடுகிறார்கள். ராயபுரத்துக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் வந்த டிராம் யார் கண்ணிலும் படுவதில்லை.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தினமும் டிராமில் போய் வந்தவர். டிராம்காரர் காலால் மணியை மிதிப்பதை எனக்குக் காட்ட, திண்ணையில் உட்கார்ந்து குதிகாலால் தரையைத் தட்டி "டங் டங், வழி விடு பாப்பா" என்பார். நான் ஒதுங்கி நிற்க வேண்டும், அப்போதுதான் வண்டி நகரும். 1953 ஏப்ரல் 12 இரவோடு எல்லாம் நின்றது. கம்பெனிக்கு நஷ்டம். நான் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. கடைசி வண்டி போனதைத் தெருமுனையில் நின்று பார்த்ததாக அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, டிராம் போனது. மின்சார ரயில்? கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் ரயில் நிலையங்கள்தானே? தண்டவாளத்தை நாங்கள் பார்த்ததில்லையாம். கேட்டில் நின்று நின்றே எங்கள் பாதி ஆயுள் போயிற்று. மூச்சுத்திணறலோடு இருந்த அம்மாவை ஆட்டோவில் மடியில் சாய்த்துக்கொண்டு கேட் திறக்கக் காத்திருந்தேன். சரக்கு ரயில் ஊர்ந்து போகிறது. அம்மா என் முந்தானையைப் பிடித்தபடி "போயிடுச்சாடி, போயிடுச்சாடி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாற்பத்திரண்டு பெட்டிகள். எனக்கு இன்றும் அந்த எண்ணிக்கை மறக்கவில்லை.

ராயபுரத்தை ரயில் முனையம் ஆக்குங்கள் என்று இங்குள்ளவர்கள் எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! தாம்பரம் முனையமாகிவிட்டது. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு 2015-இல் மெட்ரோ ஓடியபோது நாங்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். உங்கள் இதழில் எங்கள் பக்கம் எப்போது வருகிறது? மழைத் தண்ணீர் தேங்கினால் வரும், வெட்டுக்குத்து நடந்தால் வரும். ராயபுரம் நிலையத்தைப் பற்றி எழுதச் சொல்லி முன்பே இரண்டு கடிதம் போட்டேன். ஒரு வரி பதில் இல்லை. நான் கோபித்துக்கொள்ளவில்லை, இடம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இல்லாததை எழுத மட்டும் எப்படி இடம் கிடைத்தது?

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில். கூடவே ராயபுரம் நிலையத்தின் படம் ஒன்றும் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21