கம்பி கண்ணில் பட்டால்தானே கவனிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிரோன் மருந்து தெளிப்பு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், "விபத்துகள் பெரும்பாலும் இயக்குபவரின் கவனக்குறைவால்தான்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி மூன்று நாளாக நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. எங்கள் மகளிர் குழுவில் டிரோன் ஓட்டுகிறவள் நான்.

சென்ற சம்பாவில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடிக்கப் போனோம். வரப்பைச் சுற்றி நடந்து பார்த்த பிறகுதான் ஏற்றினேன். மின்கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்க, அதிலிருந்து சரிந்து இறங்கிய ஸ்டே கம்பி துருவேறி, பின்னாலிருந்த கருவேல மரத்தோடு நிறம் கலந்து நின்றது. 'டிக்' என்று ஒரு சத்தம். இறக்கை தெறித்து, மருந்தோடு டிரோன் சேற்றில் குப்புற விழுந்தது. தடையைக் காட்டும் கருவி அதில் உண்டு. ஆனால் மெல்லிய கம்பி பல நேரம் அதற்குப் பிடிபடுவதில்லை.

வந்தவர்கள் எல்லாரும் "ஏம்மா, பாத்து ஓட்டக் கூடாதா?" என்றார்கள். கம்பி கட்டியவர்களை யாரும் கேட்கவில்லை. அதே வயலில் தொங்கும் மின்கம்பிக்காக என் மாமனார் காலத்திலிருந்து மனு கொடுக்கிறோம். இன்றும் அறுவடை இயந்திரம் வந்தால், ஒருவர் உயிரைப் பணயம் வைத்து மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கிறார். இதை உங்களுக்கும் இரண்டு முறை எழுதினேன், பிரசுரமாகவில்லை. மகளிர் குழுக்கள் டிரோன் வாங்க உதவும் மத்திய அரசின் நமோ டிரோன் தீதி திட்டத்தில் 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று அட்டைப்படம் போட்டீர்கள். மீதி எங்கள் தலையில் கடன் என்பதையும் எழுதியிருக்கலாம்.

2011 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா டெல்டாவில், காற்றை அளக்க நட்ட ஒல்லிக் கோபுரத்தில் மோதி விவசாய விமானி ஒருவர் இறந்தது தாங்கள் அறியாததல்ல. 200 அடிக்குக் குறைவு என்பதால் வண்ணமும் விளக்கும் கட்டாயமில்லாமல் நின்ற கோபுரம் அது. 50 முதல் 200 அடி வரையிலான இத்தகைய கோபுரங்களுக்கு அடையாளமிட விதி செய்யச் சொல்லி 2016-ல் அங்கே சட்டமே வந்தது. நட்டவருக்கும் பொறுப்புண்டு என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அங்கே போனது உயிர், இங்கே எங்கள் கைமுதல். அதற்காக எங்கள் பெயரும் கெட வேண்டுமா?

வயலோரத்து ஸ்டே கம்பிகளுக்கு ஆளுயரத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் மாட்டச் சொல்லி, மின்துறைக்கு ஒரு பெட்டிச் செய்தியாவது அடுத்த இதழில் போடுங்கள். நாற்றங்கால் விடுவதற்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மகளிர் குழு டிரோன் இயக்குநர்,
மன்னார்குடி வட்டம்.