விறகுப் புகைப் புகார் பற்றி, மகளுக்கு

அம்மணி,

போன வாரம் போனில் நீ சலித்துக்கொண்டது மனதிலேயே நிற்கிறது. அவ்வளவு படித்து, லண்டனில் ஒரு கவுன்சிலில், நம் ஊர் நகராட்சி மாதிரி இடத்தில், சுகாதார இன்ஸ்பெக்டர் வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் விறகு எரிக்கிறார், வீடெல்லாம் புகை என்கிற புகாரைத்தான் கையில் கொடுக்கிறார்கள் என்றாய். அதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே. நீ இருக்கும் ஊரில் உன் வேலைக்கு மரியாதை வாங்கிக் கொடுத்ததே வீட்டு அடுப்புதான்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் காற்று அசையவே இல்லை. மேலே சூடான காற்று படிந்து கீழே இருந்த குளிர்ந்த காற்றை நகரவிடவில்லை, குளிருக்காக எல்லா வீட்டிலும் நிலக்கரி எரிகிறது, அதுவும் தூளும் துண்டுமான மட்டக் கரியை அந்த மாதம்தான் ரேஷன் இல்லாமல் விற்க விட்டிருந்தார்கள். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்குக்குள் புகை புகுந்து ஓபராவைப் பாதியில் நிறுத்தினார்கள் என்றால் பார்த்துக்கொள். செத்தவர்கள் 4,000 பேர் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள், பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை போகின்றன.

அப்புறம் இந்தப் புகையை ஆராய ஹியூ பீவர் என்பவர் தலைமையில் அரசு கமிட்டி போட்டது. பழியை ஆலைகள் மேல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் புகையில் ஏறக்குறைய பாதி வீட்டு அடுப்பிலிருந்து வருகிறது என்று அந்தக் கமிட்டி எழுதிக் கொடுத்தது. அங்கேதான் சிக்கல். ஆலைப் புகையைப் பிடிக்க ரிங்கல்மன் அட்டை இருந்தது. வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகளைக் கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள், தள்ளி நின்று பார்த்தால் கோடெல்லாம் கலந்து ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும், கட்டங்களுக்கு வரிசையாக எண் உண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் கறுப்பு 20 சதவீதம் கூடும். இன்ஸ்பெக்டர் தெருவில் நின்று சிம்னியையும் அட்டையையும் மாறி மாறிப் பார்ப்பார், 2ஆம் எண்ணோ அதற்கு மேலோ என்றால் 1956இல் வந்த தூய காற்றுச் சட்டப்படி அது கரும்புகை. சரி, லட்சக்கணக்கான வீட்டுச் சிம்னி முன்னால் யார் போய் அட்டை பிடிப்பது? அதனால் ஒரு பகுதியையே புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்து, அங்கே வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தாலே குற்றம் என்றார்கள்.

அதோடு விட்டிருந்தால் சட்டம் காகிதத்திலேயே கிடந்திருக்கும். நான் அடிக்கடி சொல்வேனே, நோட்டீஸ் ஒட்டுவது யாராலும் முடியும், அடுப்பை மாற்றக் காசு யார் தருவது? அவர்கள் தந்தார்கள். பழைய அடுப்பை எடுத்துவிட்டு கோக், அதாவது புகையை முன்பே சுட்டு எடுத்துவிட்ட நிலக்கரி, எரிக்கிற மாதிரியோ கேஸோ வைக்க நியாயமாக ஆகும் செலவில் 40 சதவீதம் மத்திய அரசு, 30 கவுன்சில், மீதி 30தான் வீட்டுக்காரர். அதற்காக இன்ஸ்பெக்டர்கள் வீடு வீடாக ஏறி, எந்த அறையில் என்ன அடுப்பு, எதை மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். பாதிப் பேர் குளிருக்கு நடுவில் கதவைத் திறந்து இவர்களைத் திட்டியிருப்பார்கள், அது எந்த ஊரிலும் நடப்பதுதான். சுரங்கப் பகுதிகளில் மட்டும் வேலை இழுத்துக்கொண்டே போனது, தொழிலாளிக்குச் சம்பளத்தோடு வீட்டுக்குக் கரியும் வரும்போது அவன் எதற்கு கோக் வாங்கப் போகிறான்?

அதே 1956இல் அங்கே சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்ற பதவிப் பெயரையும் பப்ளிக் ஹெல்த் இன்ஸ்பெக்டர் என்று மாற்றிவிட்டார்கள். நான் ரிட்டயர் ஆகிற வரை நம் ஊர் ஆட்களுக்கு சானிட்டரிதான், கையில் இருந்தது 1939 மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம். உங்கள் ஊரில் அப்போது இருந்த 1936 பொதுச் சுகாதாரச் சட்டத்திலும் கிட்டத்தட்ட அதே வரிசைதான் இருந்தது: முதலில் நோட்டீஸ், கேட்காவிட்டால் மாஜிஸ்ட்ரேட், அப்புறமும் செய்யாவிட்டால் கவுன்சிலே செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம். ஆனால் அந்தக் காலத்து இன்ஸ்பெக்டர்கள் முக்கால்வாசி விஷயத்தை வாசலில் நின்று பேசியே முடித்திருக்கிறார்கள்.

அதனால் நீயும் அந்த வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய்விட்டு வா. விறகு ஈரமா, காய்ந்ததா, எங்கே அடுக்கி வைத்திருக்கிறார், அடுப்பு எந்தக் காலத்தது, சிம்னியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார், எல்லாம் கேள். மனுஷனிடம் காசு இல்லாமல்தான் விறகு எரிக்கிறாரா என்பதையும் கேட்டுவிடு, கேஸ் பில்லைப் பற்றி நீயே எத்தனை முறை புலம்பியிருக்கிறாய். அதற்கப்புறம் நோட்டீஸ் எழுது.

உங்கள் ஆபீஸ் பீரோவில் பழைய ரிங்கல்மன் அட்டை கிடந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், எடு.

அப்பா