அது இளவரசி கொடுத்த விடுதலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் இணைப்பில் பிரேசில் நாட்டைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். 1888-ல் இளவரசி இசபெல் மனமிரங்கிக் கையெழுத்துப் போட்டார், அடிமைகள் எல்லோரும் ஒரே நாளில் விடுதலையானார்கள் என்று அதில் ஒரு வரி. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன். கடைசியில் பரிசுப் போட்டிக் கேள்வியாகவும் அதையே வைத்திருக்கிறீர்கள். விடை இளவரசி இசபெல் என்று எழுதி அனுப்பும் பிள்ளைக்குப் புத்தகப் பரிசாம்.

என் கணவரின் வேலை காரணமாகப் பாஹியா மாநிலத்தின் சால்வடோர் நகரில் பல வருடங்கள் குடும்பம் நடத்தியவள் நான். என் பிள்ளைகள் அங்கேதான் பள்ளிக்கூடம் போனார்கள். 1549 முதல் 1763 வரை பிரேசிலின் தலைநகராக இருந்த ஊர் அது. மேட்டு நகரத்தில் இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சதுக்கத்தில் ஒரு காலத்தில் சாட்டையடிக் கம்பம் நின்றது. அதே சரிவில் நீல நிற முகப்போடு ஒரு தேவாலயம் இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் கோயில்களில் கறுப்பர்களுக்குச் சம இடம் இல்லாத காலத்தில், கறுப்பர்களே சங்கம் வைத்து, கையில் கிடைத்ததைப் போட்டுக் கட்டிய கோயில் அது. கட்டி முடிக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆயிற்று. அந்தப் படிகளில் உட்கார்ந்து எழுந்தவளுக்கு 'மனமிரங்கி' என்று படிக்கும்போது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டுப் பிரேசில் கரையில் உயிரோடு இறக்கப்பட்டவர்கள் 48 லட்சத்துக்கும் மேல். அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மொத்த அடிமைகளில் பத்துக்கு நாலு பேருக்கும் அதிகம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்து சேர்ந்தவர்கள் நாலு லட்சம்கூட இல்லை. முதலில் வடகிழக்கின் கரும்புத் தோட்டங்கள், அப்புறம் மினாஸ் ஜெராயிஸின் தங்கச் சுரங்கங்கள், அதற்கும் பின்னால் ரியோ, சாவோ பாலோ பக்கத்துக் காப்பித் தோட்டங்கள் என்று முந்நூறு வருடத்துக்கு மேல் அந்த நாடு இவர்கள் முதுகில்தான் நடந்தது. உங்கள் கட்டுரையில் காப்பி வருகிறது, தங்கம் வருகிறது. அதைப் பறித்தவர்களும் தோண்டியவர்களும் வருவது இளவரசிக்கு நன்றி சொல்ல மட்டும்தான்.

1872-ல் எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகள் 15 லட்சம் பேர். 1887-ல் எடுத்த பதிவில் ஏழு லட்சத்துச் சொச்சம். பாதிக்குப் பாதி சட்டம் வருவதற்கு முன்பே குறைந்துவிட்டது. செத்தவர்கள் போக, மற்றவர்கள் எப்படி வெளியே வந்தார்கள்? தங்களைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள், வழக்குப் போட்டார்கள், ஓடிப்போனார்கள். 1887-ல் சாவோ பாலோவின் காப்பித் தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக இறங்கிச் சாந்தோஸ் துறைமுகத்தை நோக்கி நடந்தார்கள். அவர்களைப் பிடிக்க எங்களை அனுப்பாதீர்கள் என்று ராணுவ அதிகாரிகளின் சங்கமே, பேரரசரான தகப்பனாருக்குப் பதிலாக அப்போது ஆட்சியைக் கவனித்த இளவரசிக்கு மனுக் கொடுத்தது. தோட்டத்தில் ஆள் நிற்கவில்லை, பிடித்து வரப் பட்டாளமும் தயாராக இல்லை. அந்த நிலைமையில்தான் 1888 மே 13 அன்று கையெழுத்து விழுந்தது. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக அடிமைமுறையை ஒழித்த நாடு பிரேசில். கட்டுரையில் இந்த ஒரு வாக்கியமாவது இருந்திருக்கலாம்.

சால்வடோரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அகாரஜே போட்டு விற்பவர். தட்டைப்பயறை ஊறவைத்து, தோலைக் கசக்கி எடுத்து, அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து, மாவு பொங்கி எழும்வரை மரக்கரண்டியால் அடிப்பார். செம்பனை எண்ணெயில் பொரித்து, நடுவில் கீறி, வெண்டைக்காய்க் கூட்டும் காய்ந்த இறாலும் வைத்துத் தருவார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பலகாரம் அது. அகாரஜே விற்கும் பெண்களின் தொழிலை 2005-ல் அரசாங்கம் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. அந்த அம்மாவின் பாட்டியைப் பெற்றவர் அடிமையாக இருந்து தெருவில் கூடை சுமந்து விற்றவர். விற்ற பணத்தில் எசமானுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு, மிஞ்சிய செப்புக் காசைச் சேர்த்துச் சேர்த்துத் தன் விடுதலைப் பத்திரத்தை வாங்கினாராம். சால்வடோர் தெருக்களில் அப்படி வாங்கிய பெண்கள் எத்தனையோ பேர். 1832-லேயே அந்த ஊர்க் கறுப்பர்கள் ஒரு உதவிச் சங்கம் தொடங்கிச் சந்தா பிரித்து ஆட்களை மீட்டார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

பெரிய பாட்டிக்கு மேல் அந்த அம்மாவுக்கு வம்சம் தெரியாது. 1890 டிசம்பரில் நிதியமைச்சர் ருய் பார்போசா அடிமைப் பதிவேடுகளை எரிக்க உத்தரவிட்டதைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். முன்னாள் எசமானர்கள் நஷ்டஈடு கேட்டு வந்துவிடக் கூடாது என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அடிமைகளாக இருந்தவர்களுக்கு நஷ்டஈடு என்ற பேச்சையே அரசாங்கம் எடுக்கவில்லை. நிலம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. தோட்ட வேலைக்கு இவர்களை விட்டுவிட்டு, சாவோ பாலோவில் அரசாங்கப் பணத்தில் கப்பல் கட்டணம் கொடுத்து இத்தாலியிலிருந்து ஆட்களை இறக்கினார்கள்.

மே 13 அன்று அந்த அம்மா எங்களைச் சாண்டோ அமாரோ என்ற ஊருக்கு அழைத்துப் போயிருக்கிறார். கரும்பு விளைந்த கறுப்பு மண் பூமி. 1889-லிருந்து அங்கே சந்தைத் திடலில் விடுதலை நாளைக் கொண்டாடுகிறார்கள். பந்தல் போட்டு, வெள்ளை உடுத்தி, முரசு வைத்து இரவெல்லாம் ஆடுகிறார்கள். பெரிய பெரிய கூடைகளில் பூவும் வாசனைத் தண்ணீரும் சோப்பும் சீப்பும் நிரப்பிக் கடல் தாய் யெமஞ்சாவுக்கு எடுத்துப் போகிறார்கள். நன்றியெல்லாம் தங்கள் தெய்வங்களுக்கு. நான் அங்கே இருந்த நேரம் முழுக்க இளவரசி பெயரை யாரும் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பத்திரிகைக்குப் பிரேசில் என்றால் எப்போதும் அமேசான் காடும் கார்னிவல் படமும்தான். 2016 ஒலிம்பிக் சமயத்தில் ரியோவைத் தலைநகர் என்று எழுதினீர்கள். 1960 ஏப்ரல் முதல் பிரேசிலியாதான் தலைநகர் என்று அப்போதே கடிதம் போட்டேன். அந்தக் கடிதத்தில் இதழைப் பாராட்டியிருந்த மூன்று வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். தவறு அப்படியே நின்றுவிட்டது. இப்போதும் அதே காட்டுப் படம்தான். வடகிழக்கில் முள்ளும் கள்ளியுமாக வறண்டு கிடக்கும் அவ்வளவு பெரிய நிலப்பரப்பு உங்கள் கண்ணில் படவே இல்லை. 1877 முதல் 79 வரை அங்கே மழை பொய்த்து, சியாரா மாகாணத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கையில் பணம் இல்லாத நிலக்காரர்கள் அடிமைகளைத் தெற்கே காப்பித் தோட்டங்களுக்கு விற்றார்கள். அந்த மாகாணத்தின் துறைமுகமான ஃபோர்ட்டலேசாவில் அப்போது கப்பல் கரைக்கு வர முடியாது. கட்டுமரத்தில்தான் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். 1881-ல் கட்டுமரக்காரர்கள் இனி இந்தத் துறையில் ஒரு அடிமையையும் ஏற்ற மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அவர்களுக்குத் தலைமை நின்றவர் பிரான்சிஸ்கோ ஜோஸே டோ நாசிமென்டோ. 1884 மார்ச் 25 அன்று சியாரா முழுவதும் அடிமைமுறை ஒழிந்தது. இளவரசியின் கையெழுத்துக்கு நாலு வருடம் முன்பு! நம் கடற்கரைப் பிள்ளைகள் படித்தால் நெஞ்சு நிமிரக்கூடிய வரலாறு. அவர்களுக்கு நீங்கள் கொடுத்தது ஒரு ராணிக் கதை.

லூயிஸ் காமா பெயரும் கட்டுரையில் இல்லை. 1830-ல் சால்வடோரில் பிறந்தவர். தாய் விடுதலை பெற்ற ஆப்பிரிக்கப் பெண். பத்து வயதில் பெற்ற தகப்பனே, ஒரு வெள்ளைக்காரர், அவரை அடிமையாக விற்றார். பதினேழு வயதில்தான் எழுத்துக் கற்றார். 1831-ல் போட்ட ஒரு சட்டப்படி அதற்குப் பின் நாட்டுக்குள் கொண்டுவரப்படும் ஆப்பிரிக்கர்கள் சுதந்திரமானவர்கள். சட்டம் ஏட்டில் இருந்தது, கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. காமா அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சாவோ பாலோ நீதிமன்றங்களில் வாதாடி 500 பேருக்கு மேல் மீட்டார். சட்டப் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1882-ல் இறந்துபோனார். வழக்கறிஞர் சங்கம் அவரை வழக்கறிஞர் என்று ஏற்றுக்கொண்டது 2015-ல்தான். பல்மாரஸ் மலையில் அடிமைகள் தப்பிப் போய் அமைத்த ஊர்களைக் காத்து, 1695 நவம்பர் 20 அன்று கொல்லப்பட்ட சும்பியைப் பற்றியும் ஒரு வரி இல்லை. 2024 முதல் அந்த நாள் பிரேசில் முழுவதற்கும் அரசு விடுமுறை. பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் பிள்ளைகளுக்கு இது போதும் என்று விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

கட்டுரையைத் திரும்ப எழுதச் சொல்லும் அளவுக்கு எனக்கு உரிமை இல்லை. பரிசுப் போட்டிக்குக் கடைசித் தேதி இன்னும் வரவில்லை. அந்த ஐந்தாவது கேள்வியை மட்டும் நீக்கிவிட்டதாக அடுத்த இதழில் அறிவித்துவிடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடம் போதவில்லை என்றால் வேறு எதை வெட்டினாலும் சரி, லூயிஸ் காமாவையும் கட்டுமரக்காரர்களையும் வெட்டாமல் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்