வேடம் போட்டவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்தல் பேச்சு தொடங்கிவிட்டால் போதும், பத்திரிகைகளில் 'வேடதாரி' என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. கட்சி மாறுகிறவர், வாக்குக் கொடுத்து மறக்கிறவர், உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுகிறவர் எல்லோருக்கும் இந்த ஒரே பெயர். உங்கள் பத்திரிகையும் விதிவிலக்கல்ல. இதில் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

நான் உடன்குடியில் தையல் கடை வைத்திருப்பவன். ஆவணி பிறந்துவிட்டால் பள்ளிக்கூட யூனிபாரம் எல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். அப்புறம் முழுக்கக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா வேலைதான். காளிக்குச் சிவப்புப் பட்டு, ராஜாவுக்கு ஜரிகை அங்கி, குரங்குக்கு வால். மீசையை முறுக்கிக்கொண்டே ஒருவர் வந்து, "அண்ணாச்சி, இந்த வருசம் குறத்தி வேடம், ரவிக்கையைக் கொஞ்சம் லூசா தைங்க" என்பார். யாரும் சிரிக்க மாட்டோம். அது நேர்த்திக்கடன்.

காளி வேடம் போடுகிறவர் மாலை போட்டு, விரதம் இருந்து, தானே பொங்கிச் சாப்பிடுகிறவர். காப்புக் கட்டியபின் வீடு வீடாகத் தர்மம் எடுத்து, அந்தக் காசைக் கோயில் உண்டியலில் சேர்ப்பார். சடைமுடிக்குள் இருப்பது யார் என்று தெருவுக்கே தெரியும். யாரையும் ஏமாற்ற அவர் அதை மாட்டவில்லை. சீனிப்பாகைக் காய்ச்சி அச்சில் ஊற்றிக் கருப்பட்டி என்று விற்கிறவனுக்கும் இவருக்கும் ஒரே பெயரா?

இந்த அநியாயம் நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. ஆங்கிலத்தில் இப்படிப்பட்டவர்களை 'ஹிப்போகிரிட்' என்கிறார்கள். அது கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே 'ஹிப்போகிரிட்டேஸ்' என்றால் முகமூடி போட்டு மேடையில் நடிக்கும் கூத்துக்காரன், அவ்வளவுதான். நற்செய்தி நூல்களில் பரிசேயர் என்ற யூத சமயப் பிரிவினரைக் கண்டிக்க அந்தச் சொல் வந்தது, நடிகன் பெயர் கெட்டது.

நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். "மாயக்காரராகிய வேதபாரகரே! பரிசேயரே!" என்று மத்தேயு 23-ஆம் அதிகாரத்தை வாசித்து வளர்ந்தவன். பழைய தமிழ் வேதாகமத்தில் மாயக்காரர். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் வெளிவேடக்காரர். கிரேக்கத்துக்குப் பக்கத்தில் நிற்பது புதியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனசுக்குச் சரியென்று படுவது பழையது. மாயம் என்றால் வஞ்சம், பொய். உடுப்பைக் குறை சொல்லாமல் ஆளைக் குறை சொல்கிறது.

வள்ளுவரும் அப்படித்தான். கூடாவொழுக்கத்தின் முதல் குறளில் "வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம்" என்கிறார். அவனுக்குள் இருக்கும் ஐந்து பூதங்களே அவனைப் பார்த்துச் சிரிக்குமாம். படிறு என்றால் வஞ்சனை. இனியவை கூறலில், நல்லவர் வாய்ச்சொல் "படிறிலவாம்" என்பதும் அவர்தான். அதே கூடாவொழுக்கத்தில் தவவேடத்தையும் சாடுகிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வேடம் மறைப்பதற்கானது. குலசையில் வேடம் காட்டுவதற்கானது.

ஆகவே தசரா முடிகிறவரையாவது எங்கள் ஆட்களை விட்டுவிடுங்கள். தலைப்பில் இடம் இல்லை என்று உதவி ஆசிரியர்கள் சொன்னால், 'படிறன்' என்று போடச் சொல்லுங்கள். அதுவும் நாலு எழுத்துதான்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
உடன்குடி.