படிப்பகத் திருப்பணி நிறைவு அறிக்கை: இரண்டாவது கல் வாங்கிய காரணம்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

புரசைவாக்கத்தில் உள்ள நம் படிப்பகத்தின் திருப்பணி நிறைவுற்றது. மேல்தளம் செப்பனிடப்பட்டது, சுவர்களுக்கு வண்ணம் பூசப்பட்டது, மின்கம்பிகள் மாற்றப்பட்டன. ரூ.1,85,000 என்று மதிப்பிட்ட வேலைக்கு ரூ.2,31,400 செலவானது ஏன் என்று கடந்த இரு கூட்டங்களிலும் கேட்டீர்கள். கூடுதலான ரூ.46,400-இல் ரூ.16,000 மேல்தளத்துக்கே போயிற்று. பழைய ஓடுகளைப் பெயர்த்த பிறகுதான் உள்ளே கம்பி துருவேறியிருந்தது தெரிந்தது. மீதி ரூ.30,400, பேராசிரியர் க. அன்பழகனின் வாழ்க்கைக் குறிப்பைத் தாங்கும் கல்வெட்டை இரண்டாம் முறை வெட்டியதற்கு ஆனது.

திருவாரூரை அடுத்த காட்டூரில் 19.12.1922 அன்று இராமையா என்ற பெயரோடு பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயின்று, 1944 முதல் 1957 வரை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் என்பது வரை கல்லில் பிழையில்லை. 1957-இல் எழும்பூரில் வென்று, பேரவைக்குள் முதன்முறையாக நுழைந்த தி.மு.க. உறுப்பினர்கள் 15 பேருள் ஒருவரானதும் சரியாகவே வெட்டப்பட்டது. அடுத்த வரியில்தான் வினை வந்தது. கையெழுத்துப் படியில் 1962-க்கு நேரே, சட்ட மேலவை உறுப்பினர் என்பதை ‘ச.மே.உ.’ என்று நாம் சுருக்கி எழுதியிருந்ததைக் கல்வெட்டுபவர் ‘ச.ம.உ.’ என்று படித்து, ‘சட்டமன்ற உறுப்பினர்’ என விரித்து வெட்டிவிட்டார். மேலவை 1986-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது, அதன் பிறகு பிறந்த அவர், “அப்படியும் ஓர் அவை இருந்ததா, ஐயா?” என்று கேட்டபோது கோபப்பட எங்களுக்கு வாய் வரவில்லை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியரான நம் மூத்த உறுப்பினர், கல்லின் முன் நின்று, அன்பழகன் வென்ற சட்டமன்றத் தேர்தல்களை விரல்விட்டு எண்ணினார். 1957 எழும்பூர், 1971, 1977, 1980 மூன்றும் நம் புரசைவாக்கம், 1984 பூங்கா நகர், 1989 அண்ணா நகர், 1996, 2001, 2006 மூன்றும் துறைமுகம்: ஒன்பது. கடைசி வரியிலும் ‘ஒன்பது முறை’ என்றே இருந்தது. ஆனால் தவறாக வெட்டிய 1962-ஐயும் சேர்த்து மேலே உள்ளவற்றைக் கூட்டினால் பத்து வந்தது. தவறான எழுத்துகளைப் பசையால் அடைத்து மெருகேற்றிப் பார்த்தோம்; காலை வெயில் பட்டதும் அந்த இடம் தழும்பு போலத் தெரிந்தது, தடவினால் விரலில் தட்டியது. படியில் உள்ளதைத்தான் வெட்டினேன் என்று கல்வெட்டுபவர் முழுக்கூலி கேட்டார். வெட்டுமுன் காட்டியிருக்க வேண்டும் என்று நாங்கள் வாதாடினோம். ஏழு வாரம் பட்டறைக்கு நடந்த பிறகு, எழுத்துக்கு ரூ.18 என்றிருந்த கூலியை ரூ.12 ஆக்கி, 1,200 எழுத்துக்கு ரூ.14,400-உம் புதிய கல்லுக்கு ரூ.16,000-உம் கொடுத்து முடித்தோம். சுருக்கி எழுதிய குற்றம் குழுவுடையது என்பதை மறைக்கவில்லை. ஆயினும் பதின்மூன்று ஆண்டு மாணவர்களின் தமிழைத் திருத்தியவரின் பெயருக்குக் கீழே திருத்தப்படாத பிழையை வைக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

புதிய கல்லில் சேர்த்தவை பற்றியும் முணுமுணுப்பு உண்டு. 1967-இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றது, மக்கள் நல்வாழ்வு, கல்வி, நிதி ஆகிய துறைகளின் அமைச்சராக இருந்தது ஆகியவற்றில் தகராறில்லை. ஈழத்தமிழர் பிரச்சினைக்காக 1983-இல் பதவி விலகியதோடு, 1986-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தால் உறுப்பினர் பதவியை இழந்ததையும் 2011-இல் வில்லிவாக்கத்தில் தோற்றதையும் ஏன் பொறிக்க வேண்டும் என்றனர் சிலர். நடந்தவற்றைப் பொறித்தோம், மாற்றும் எண்ணமில்லை.

இரண்டு ஓய்வு பெற்ற ஆசிரியைகள், மருந்துக் கடைக்காரர், தையற்காரர் இருவர், தேநீர்க் கடை உரிமையாளர், ஆட்டோ நிறுத்தத் தோழர்கள், பால் முகவர், மாடிவீட்டுப் பாட்டியம்மா, பச்சையப்பனில் படித்த முதியவர்கள் நால்வர் எனப் பலர் தந்த நன்கொடை ரூ.2,40,000. பெயரும் பற்றுச்சீட்டு எண்ணும் அறிவிப்புப் பலகையில் உள்ளன. கையிருப்பு ரூ.8,600.

பழைய கல் கிணற்றடியில் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளது. துணி துவைக்க அதைக் கேட்டு வந்த இரு விண்ணப்பங்களையும் குழு ஏற்கவில்லை.