ஏன் சார் நூறு?

பல்லடம்
ஞாயிறு காலை

அன்பு மாப்ள,

நீ போன் போட்ட நேரம் நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். திருப்பிக் கூப்பிட்டால் நீ கடையில் வியாபாரத்தில் இருப்பாய். அதனால் பழைய மாதிரி கடிதமே எழுதிவிடுகிறேன். மூட்டு வலி எப்படி இருக்கிறது? தங்கச்சி சொல்கிறபடி காலையில் நடக்கிறாயா, இல்லை டீக்கடை வரைக்கும்தானா?

"54 வயசுல அவனுக்கு எதுக்கு இந்த வாத்தியார் வேலை" என்று கேட்டாயாம். நியாயம்தான். 1994-இல் பி.எட். முடித்துவிட்டு நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தோம். நீ இரண்டு தடவை புதுப்பித்துப் பார்த்துவிட்டுக் கார்டைக் கிழித்துப் போட்டாய். நான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங், கட்டிங், குவாலிட்டி என்று பதினாலு வருடம் ஓட்டினேன். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் துணி வரத்து நின்று, ஒன்றரை ஷிப்ட் அரை ஷிப்ட் ஆனது. மஸ்கட்டுக்குப் போய் ஸ்டோர் கீப்பர் ஆனேன். 2013-இல் லீவில் வந்து டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதித் தேறினேன். சான்றிதழ் ஏழு வருடம்தான் செல்லும் என்றார்கள், ஏழும் போனது. 2021-இல் ஆயுளுக்கும் செல்லும் என்றார்கள். 2023-இல் நம் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு ஆசிரியர் வேலையின் வயது வரம்பை 58 ஆக்கியதும் பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினேன். 2024 பிப்ரவரியில் ஆசிரியர் வேலைக்கான பரீட்சை ஹாலுக்குள் நுழைந்தபோது ஒரு பையன் என்னைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நின்றான்.

வேலை கிடைத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் வாரம் கேவலமாகப் போனது. பவர் டேபிள் தையல் மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அல்லவா? "என்ன சத்தம் அங்க?" என்று ஒரு தடவைதான் கேட்டேன். முதல் பெஞ்சுப் பெண் அழுதுவிட்டாள். தலைமையாசிரியை என்னைவிட ஏழு வயது இளையவர், எப்படித் திட்டுவதென்று அவருக்கும் தெரியவில்லை. "மெதுவா சார், இவங்க லேபர் இல்ல" என்று மட்டும் சொன்னார். ராத்திரி சோறு இறங்கவில்லை. லேபரிடம் மட்டும் ஏன் அப்படிக் கத்தினேன் என்று அப்புறம்தான் தோன்றியது.

வட்டத்தின் பரப்பளவு நடத்த வேண்டியிருந்தது. பீரோவில் கிடந்த ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) கட்டரைக் கொண்டுபோனேன். அமுக்கித் திருகினால் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி எடுக்குமே, அதுதான். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ பனியன் கம்பெனி. "எங்கப்பா கம்பெனில இருக்கு சார்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், அதுவரை வாயே திறக்காத பையன். அவனையே வெட்டச் சொன்னேன். சின்னத் தராசில் வைத்தால் 1.8 கிராம். "நூறால பெருக்குங்க, 180 ஜிஎஸ்எம்" என்றேன், கம்பெனியில் ஆயிரம் தடவை சொன்ன மாதிரி.

அன்றைக்கு அழுதாளே, அவள் கேட்டாள்: "ஏன் சார் நூறு?"

மாப்ள, பதினாலு வருடம் அந்த வட்டத்தை வெட்டியிருக்கிறேன். கணக்கில் பட்டம் வாங்கியவன். ஏன் நூறு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பீஸ் முடியணும், கன்டெய்னர் கிளம்பணும், அவ்வளவுதான். சாக்பீஸோடு நின்றேன். "தெரியலம்மா, அளந்து பார்ப்போம்" என்றேன். விட்டம் சுமார் 11.3 சென்டிமீட்டர். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி 22/7 போட்டால் நூறு சதுர சென்டிமீட்டரும் துளி கூடவும் வந்தது. சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டர். "அப்ப இதுமாதிரி நூறு வட்டம் சார்!" என்று முதலில் கத்தியவன் அந்தப் பின்பெஞ்சுக்காரன்தான். வீட்டில் போய் அப்பாவிடம் கேட்டிருக்கிறான். அவருக்கும் தெரியாதாம்.

மற்றபடி வருகைப் பதிவுச் செயலியோடு மல்லுக்கட்டுகிறேன். ஓய்வுக்கு ஆறு வருடம்கூட இல்லை, பென்ஷன் கணக்கை மட்டும் கேட்காதே.

உன்னிடம் ஒரு காரியம் ஆகவேண்டும். ஆறாம் வகுப்புக்குத் தராசு தேவைப்படுகிறது. எலக்ட்ரானிக் தராசு தானே எண்ணைக் காட்டிவிடுகிறது, பிள்ளைகள் யோசிக்க ஒன்றுமில்லை. உன் கடைப் பரணில் அப்பா காலத்துத் தட்டுத் தராசும் படிக்கற்களும் இருக்குமே, துருப்பிடித்திருந்தாலும் பஸ் பார்சலில் போட்டுவிடு. 50 கிராம் கல் தொலைந்துவிட்டதாகச் சொன்ன ஞாபகம். புதிதாக வாங்கிச் சேர்த்துவிடாதே. அது இல்லாமல் 50 கிராம் நிறுப்பது எப்படி என்று அவர்களிடம் கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்